ராக்காயியின் குதிகாலும் கூனிமலைப் பனியும்

சண்முகவடிவு வானத்தை அண்ணாந்து பார்த்து யாரும் கண்டதில்லை. அவள் பார்த்ததெல்லாம் கால், காது, நாக்கு, தொண்டை, அப்புறம் மனிதர்கள் அடுத்தவருக்குக் காட்டக் கூசுகிற இடங்கள். கூனிமலைத் தோட்டத்து மருந்துக் காம்பராவில் அவளுக்குப் பதினெட்டு வருட ஆயா வேலை. புண் கழுவுவாள், கட்டுப் போடுவாள், ஊசியைக் கொதிக்க வைப்பாள், கட்டியைக் கீறுவாள், பேதி மருந்தை மூக்கைப் பிடித்து ஊற்றுவாள். அறுபத்தொன்றாம் வருடம் மாசி மாதம், நுவரெலியாவுக்கு அந்தப் பக்கத்து மலைகளில் பேய்க்காற்றும் கல்மழையும் அடித்து, அதன் வால் பிடித்து வெள்ளைப்பனியும் இறங்கியது. பனி வரும் என்று முன்கூட்டிச் சொன்னவள் இவள் ஒருத்திதான். சொன்னதற்கு ஏச்சு வாங்கியவளும் இவள்தான்.

அவள் இந்த வேலைக்கு வந்ததற்குக் காரணம் அவள் புருஷன். கல்யாணமான மூன்றாம் வருடம் அவன் கவ்வாத்துக் கத்தியால் தேயிலையை வெட்டுவதற்குப் பதிலாகத் தன் முழங்காலை வெட்டிக்கொண்டான். டிக்கோயா ஆஸ்பத்திரியில் நாலு மாதம் கிடந்தான். கூட இருந்து பார்த்த சண்முகவடிவு அங்கிருந்த நர்சம்மாவுக்கு எடுபிடியாகி, புண்ணைப் பார்த்து மயங்காமல் இருக்கக் கற்றுக்கொண்டாள். கால் நன்றாக ஆறியது. எவ்வளவு நன்றாக என்றால், வீடு திரும்பிய ஆறாம் மாதம் அவன் அதே காலால் நடந்து போய், கினிகத்தேனையில் ஒரு சாப்பாட்டுக்கடைக்காரியோடு குடித்தனம் வைத்தான்.

“நான் கட்டுப் போட்டதுல ஒரு கொறையும் இல்ல, பாத்துக்க” என்பாள் அதைப் பற்றிக் கேட்டால். அதற்கு மேல் அவனுக்காக ஒரு சொல் செலவழித்ததில்லை.

தனியாளான பிறகு அவள் தம்பி பொன்னையாவின் லயத்துக் காம்பராவில், வரிசை வீட்டின் ஒற்றை அறையில், தங்கினாள். பொன்னையா தவறணைக் கங்காணி. தவறணை என்பது தேயிலைக் கன்று வளர்க்கிற இடம். தண்ணீர் வசதிக்காக ஓடைக்கரைப் பள்ளத்தில் இருந்தது. பன்னிரண்டு பாத்தி, இருபதாயிரம் கன்று. பொன்னையா தன் மூன்று பிள்ளைகளின் பெயரைச் சில நேரம் மாற்றிக் கூப்பிடுவான். எந்தப் பாத்தியில் எந்தக் கன்று வாடியிருக்கிறது என்று மட்டும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வான்.

அந்த வேலைக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. அதற்குக் காரணம் ஒரு சுவர்.

தோட்டத்தில் குளிரை அளக்கிற கண்ணாடிக்குழாய் ஒன்று இருந்தது. ராத்திரி எவ்வளவு குளிர் இறங்கியது என்று அது காட்டும்; அதைத் தினமும் காலையில் பார்த்துப் புத்தகத்தில் எழுதுவது டிஸ்பென்சர் ஞானரட்ணம் ஐயாவின் பொறுப்பு. முன்னே இருந்த துரை அதைத் தவறணைக்குப் பக்கத்தில் ஒரு கம்பத்தில் மாட்டியிருந்தார். ஞானரட்ணம் ஐயாவுக்கு அங்கே இறங்க இருநூறு படி. அந்தத் துரை கப்பலேறிய வாரமே குழாய் மருந்துக் காம்பராவின் பின்சுவருக்கு ஏறி வந்துவிட்டது. சுவரின் மறுபக்கம் சண்முகவடிவின் அடுப்பு. ஊசி கொதிக்க வைக்க அதில் ராத்திரி முழுக்கத் தணல் மூடிக் கிடக்கும். பனி உறைய அந்தக் குழாய் முப்பத்திரண்டு டிகிரிக்கு இறங்க வேண்டும்; கூனிமலையிலோ எந்தக் குளிர்காலத்திலும் நாற்பத்தாறு டிகிரிக்குக் கீழே இறங்கியதில்லை. புத்தகம் அப்படித்தான் சொன்னது.

போன வருடம் தை மாதம் பனி விழுந்து ஏழு பாத்தி கருகியது. வெள்ளைப்பனி, வெயில் ஏறினதும் கரைந்து, தான் வந்த சுவடே தெரியாமல் போய்விடும். இலை கருகுவது மூன்றாம் நாள்தான் கண்ணுக்குத் தெரியும். இப்போது இருக்கிற பெரிய துரை மூன்றாம் நாள்தான் பார்த்தார். பனி என்றான் பொன்னையா. துரை புத்தகத்தைத் திறந்தார். நாற்பத்தாறு.

“நாப்பத்தாறுல பனி வராது. நீ உரம் கூடப் போட்டது. நீ சாராயம் குடிச்சது” என்றார் துரை, தோட்டத் தமிழில். “இன்னொரு தரம் எரிஞ்சா, பத்துச்சீட்டு.”

பத்துச்சீட்டு கையில் வந்தால் வேலை போகும். வேலை போனால் லயத்துக் காம்பரா போகும். மீனம்மாவையும் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ரோட்டில் நிற்க வேண்டியதுதான். எந்த நாட்டுக்காரர் என்று கேட்டால் எடுத்துக் காட்டக் கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லாத காலம் அது.

சண்முகவடிவு ஞானரட்ணம் ஐயாவிடம் கேட்டே பார்த்தாள்.

“ஐயா, அந்தக் கொழாய எங்க அடுப்புச் செவத்துல மாட்டியிருக்கீங்க. அதுக்கு எங்கேருந்து குளிரும்?”

“வடிவு, அது சீமையில செஞ்ச சாமான். ஒன் அடுப்பெல்லாம் அதுக்கு ஒறைக்காது.”

“சீமைச் சாமான்னா சூடு தெரியாதுங்களா?”

“போய் பஞ்சை எடுத்து வை” என்றார் ஐயா.

துரையிடம் நேரே சொல்லலாம் என்றால், துரையின் தமிழ் ஏசுவதற்கு மட்டும்தான் போதும். நீளமாகச் சொல்வதை மொழிபெயர்த்துக் கொடுப்பவர் ஞானரட்ணம் ஐயா.

ஆகவே பனி விழுவதை முன்னாலேயே தெரிந்துகொண்டு கன்றுகளை மூடுவதைத் தவிர வேறு வழி இல்லை. எப்படித் தெரிந்துகொள்வது? சண்முகவடிவுக்கு அதில் பெரிய மர்மம் எதுவும் தெரியவில்லை. பதினெட்டு வருடமாக அவள் வேஸ்லின் பூசிக்கொண்டிருக்கிறாள். கூனிமலையில் எப்போதும் ஈரம். உப்பு ஜாடியில் உப்பு கரைந்து நிற்கும், நெருப்புக்குச்சி நாலு உரசினால் ஒன்று பற்றும். வருடத்தில் ஏதோ சில நாட்களில் மட்டும் காற்று காய்ந்து, உப்பு பொலபொலவென்று கொட்டும். அன்றைக்குப் பிள்ளைகளுக்கு மூக்கில் ரத்தம் வரும். கொழுந்தெடுக்கிற பெண்களின் குதிகால் பாளம் பாளமாக வெடித்து, வேஸ்லின் கேட்டு வரிசையில் நிற்பார்கள். அன்றைக்கோ மறுநாளோ விடியும்போது பள்ளத்தில் வெள்ளைப்பனி கிடக்கும். ஒரு தடவை பார்த்தால் தற்செயல். பதினெட்டு வருடம் பார்த்தால் தேதி.

குதிகால்களில் ராஜா ராக்காயியின் குதிகால். நாற்பது வயது, செருப்பே போடாத கால், பாறையில் ஏறி இறங்கிய கால். “வடிவக்கா, இதுல ஒரு புடி கொழுந்த ஒளிச்சு வைக்கலாம், கொழுந்து நெறுக்குற கண்டாக்கையாவுக்குத் தெரியாது” என்று அவளே பெருமையாகத் தூக்கிக் காட்டுவாள்.

அந்தப் பெருமைதான் சண்முகவடிவின் மானத்தை வாங்கியது. இந்த வருடம் தை மாதம் ஒரு நாள் ராக்காயியின் கால் ரத்தம் வருகிற அளவுக்கு வெடித்து வந்தது. சண்முகவடிவு வேறு காலைப் பார்க்கவில்லை, உப்பைத் தொட்டுப் பார்க்கவில்லை. நேரே தம்பியிடம் போய் “இன்னைக்குப் பனி” என்றாள். பொன்னையா ஞாயிற்றுக்கிழமையென்றும் பாராமல் பத்துப் பேரைக் கெஞ்சி இழுத்து வந்து, தொழிற்சாலைச் சாக்கையெல்லாம் பாத்திகளில் விரித்தான். விடிந்தால் பனியும் இல்லை, ஒன்றுமில்லை. சுடுதண்ணீர் ஆவி மாதிரி வெறும் மூடுபனி. விசாரித்தால், ராக்காயி முதல் நாள் முழுக்கச் சலவைச் சோடாவில் நின்று, கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்குகளை மிதித்துத் துவைத்திருக்கிறாள்.

ஒரு மாதம் முழுக்க அவளைப் பார்க்கிறவர்களெல்லாம் காலைத் தூக்கிக் காட்டினார்கள். “வடிவக்கா, இந்தக் காலு என்னா சொல்லுது? நாளைக்கு அரிசி போடுவாங்களா?” மருந்துக் காம்பராவில் கட்டுப்போட வந்தவன்கூடக் கேட்டான். அவனுடைய கட்டை அவள் கொஞ்சம் இறுக்கியே போட்டாள்.

மாசி பிறந்தது. காமன் பொட்டலில் கம்பம் நட்டு, வேஷக்காரர்கள் காப்புக் கட்டிக்கொண்டார்கள். மன்மதனைச் சிவபெருமான் எரிக்கிற கூத்து. சனிக்கிழமை ராத்திரி எரிப்பு என்று நாள் குறித்தாயிற்று. அதற்கு முந்தின புதன்கிழமை பின்னேரம்தான் காற்று வந்தது.

அந்தக் காற்றைச் சண்முகவடிவும் சொல்லவில்லை. காற்றுக்கு யாருக்குக் கால் வெடிக்கிறது? மூன்று மணிக்கு மலை கறுத்தது. மூன்றேகாலுக்கு நெல்லிக்காய்ப் பருமனில் கல்மழை. லயத்துத் தகரங்கள் பட்டம் போலப் பறந்தன. ஒன்று போய் மாரியம்மன் கோயில் மேல் உட்கார்ந்தது. அம்மனுக்கு ஓசியில் கூரை. தொழிற்சாலைக் கண்ணாடிகள் நொறுங்கின. தவறணையில் கன்றுகளுக்கு மேலே பந்தல் மாதிரி போட்டிருந்த பெரணித் தழை முழுவதும் பிய்த்துக்கொண்டு ஓடையோடு போனது. முட்டுக் கம்புகள் மட்டும் நின்றன. கீழே இருபதாயிரம் கன்றும் அம்மணமாகக் கிடந்தன.

மறுநாள் காலை பொன்னையா துரை முன்னால் போய் நின்றான். தழை வெட்டப் பத்து ஆள் வேண்டும் என்றான். எல்லா ஆளும் தொழிற்சாலைக் கூரைக்கு என்றார் துரை. பங்களாச் சுவரில் அவருக்கென்று வட்டமாக ஒரு கருவி இருந்தது. மழை வருமா வெயில் அடிக்குமா என்று அதன் முள் காட்டும். “முள்ளு நல்லா இருக்கு. வானம் நல்லா இருக்கும். திங்கக்கிழமை ஆள் தாறது” என்றார். முள் பொய் சொல்லவில்லை. வானம் நல்லபடி தெளிந்துகொண்டே வந்தது. பனிக்குப் பிடித்த வானமே அதுதான்.

சனிக்கிழமை காலை ராக்காயி மருந்துக் காம்பராவுக்கு நொண்டிக்கொண்டு வந்தாள். சண்முகவடிவு வேஸ்லினைத் தொடவில்லை.

“சோடாவுல நின்னியா?”

“இல்லக்கா.”

“சவுக்காரம்? மண்ணெண்ணெய்? சுண்ணாம்பு?”

“சத்தியமா இல்லக்கா. மூணு நாளா நான் குளிக்கவே இல்ல.”

“அது தெரியுது. உக்காரு.”

இந்தத் தடவை அவள் ஒரு காலை நம்பவில்லை. வரிசையில் நின்ற பதினாறு பேரின் குதிகாலையும் பார்த்தாள், பதின்மூன்று வெடித்திருந்தது. வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவிலிருந்து நாலு பிள்ளைகளை மூக்கில் ரத்தத்தோடு தூக்கி வந்தார்கள். உப்பு ஜாடியைச் சரித்தாள். மணல் மாதிரி கொட்டியது. நெருப்புக்குச்சி முதல் உரசலிலேயே பற்றி அவள் விரலைச் சுட்டது.

“ஐயா, இன்னைக்குப் பனி விழும்” என்றாள் ஞானரட்ணத்திடம். “தொரைகிட்டச் சொல்லுங்க. பத்து ஆள் இல்லாட்டி அஞ்சு ஆள் குடுக்கட்டும்.”

ஐயா பேப்பரை மடித்தார். “ரேடியோவுல மலைநாட்டுக்கு நல்ல வெயில்னு சொல்லியாச்சு. தொரை முள்ளும் அதையேதான் சொல்லுது. இனி ரேடியோவ நிறுத்திட்டு ராக்காயி கால கொழும்புக்கு அனுப்பிருவமா வடிவு?”

“அனுப்பலாங்க. கால் தனியாப் போவாது, அவளும் கூடப் போவா. கொழும்புக்காரங்க தாங்குவாங்களான்னுதான் யோசிக்கிறேன்.”

அவள் பள்ளத்துக்கு இறங்கினாள். பொன்னையா முட்டுக் கம்புகளுக்கு நடுவில் குந்தியிருந்தான்.

“தம்பி, இன்னைக்கு விழும்.”

“போன மாசமும் இதத்தான் சொன்ன.”

“போன மாசம் அவ சோடாவுல நின்னா.”

“இந்த மாசம் எதுல நின்னா?”

“அழுக்குல. வெளையாடாத. பதிமூணு காலு, நாலு மூக்கு. பாத்திய மூடு.”

“எதக் கொண்டு மூட?” பொன்னையா கையை விரித்தான். “தொழிற்சாலைச் சாக்கெல்லாம் ஒழுகுற கூரைக்கு அடியில விரிச்சிருக்கு. தழை வெட்டணும்னா காட்டுக்குப் போவணும். ஆம்பளைங்க அத்தன பேரும் காமன் பொட்டல்ல. நான் ஒருத்தன் என்னா செய்ய? இருபதாயிரத்துக்கும் என் வேட்டியவா அவுத்துப் போட?”

“ஒன் வேட்டி ஒரு பாத்திக்குக்கூட வராது” என்றாள் அவள். அவன் முகத்தைப் பார்த்தாள். மூன்று நாளாகச் சாப்பிடாத முகம். மேலே காமன் பொட்டலில் தப்பு அடிக்கிற சத்தம் கேட்டது. அவள் கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு படி ஏறினாள்.

பொட்டலில் கூத்துத் தலைவர் சின்னத்தம்பி விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். ரதி வேஷக்காரன் அழகுமுத்து சிவப்புச் சேலை கட்டி, மீசையை மழித்து, கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டிருந்தான். மன்மதன் கரும்பு வில்லால் முதுகு சொறிந்துகொண்டிருந்தான்.

“சின்னத்தம்பியண்ணே, இன்னைக்கு ராத்திரி தோட்டத்துல யாராச்சும் தூங்குவாங்களா?”

“காமன் எரியுற அன்னைக்கு யாரு தூங்குவா? விடியுற வரைக்கும் எல்லாம் இங்கதான், நெருப்பச் சுத்தி.”

“அப்ப வீட்டுல இருக்குற கம்பளிக்கு என்னா வேல? மூட்டப்பூச்சிக்குக் குளிர் விடவா?”

சின்னத்தம்பி விறகைக் கீழே போட்டார். அவள் விஷயத்தைச் சொன்னாள். காம்பராவுக்கு ஒரு கம்பளி, ஒரு படங்குச் சாக்கு. பன்னிரண்டு பாத்தியும் மூடிவிடும். விடிந்ததும் அவரவர் கம்பளி அவரவருக்கு.

“நல்ல காரியந்தான் தங்கச்சி. ஆனா இவங்கல்லாம் காப்புக் கட்டுன ஆளுங்க. கூத்து முடியாம வேற வேல செய்யக்கூடாது.”

“வேலைக்கு யாரு கூப்புட்டா? எட்டு நாளா வேஷங் கட்டி லயம் லயமாப் போய் அரிசி வாங்குனீங்க. இன்னைக்கும் போவீங்கல்ல? அரிசிக்குப் பதிலாக் கம்பளி வாங்குங்க. ஊர்வலம் தவறணை வழியா வரட்டும். நடக்குறது ஒரு வேலையா?”

“அப்ப நாங்கல்லாம் கம்பளி இல்லாம வெறச்சுச் சாவறதா?” என்றான் தப்பு வைத்திருந்தவன்.

“சிவபெருமான் மன்மதனையே எரிக்கப் போறாரு. ஒன்னச் சூடாக்க மாட்டாரா?”

சின்னத்தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் பாதி சம்மதம். மீதிப் பாதிக்கு அழகுமுத்து குறுக்கே வந்தான். மார்பை மூடின சேலையைச் சரிசெய்துகொண்டு, “இந்த வேஷத்துல நான் சாக்குத் தூக்குறதா? போன மாசம் இந்தக்கா பேச்சக் கேட்டு ஞாயித்துக்கெழம வீணாப் போச்சு. ஜனங்க சிரிக்கும்” என்றான்.

சண்முகவடிவு குரலை உயர்த்தவில்லை. “ரதியம்மா, போன ஐப்பசி மாசம் ஒங்களுக்கு எந்த எடத்துல கட்டி வந்துச்சு? நான் கீறுறப்ப யாரு பேரச் சொல்லி அழுதீங்க? மன்மதன் பேர இல்லையே. இப்பயே சொல்லட்டா, கூத்து தொடங்குனதும் சொல்லட்டா?”

தப்பு நின்றுவிட்டது. பொட்டலில் இருந்த ஆண்களில் முக்கால்வாசிப் பேர் ஏதோ ஒரு வருடம் ஏதோ ஓர் இடத்தில் அவள் கத்திக்குக் குனிந்தவர்கள்தான். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

“எத்தன சாக்குக்கா வேணும்?” என்றான் அழகுமுத்து.

அந்தப் பின்னேரம் கூனிமலையில் நடந்த ஊர்வலம் போல முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை. ரதியும் மன்மதனும் வாசல் வாசலாகப் போய் நின்றார்கள். தெய்வம் வந்து கேட்கும்போது இல்லையென்று எவளுக்குச் சொல்ல வாய் வரும்? சொல்ல வாய் வந்தவளுக்குப் பின்னால் சண்முகவடிவு நின்றாள். கைக்குழந்தை இருக்கிற வீட்டிலும், இருமுகிற கிழடுகள் இருக்கிற வீட்டிலும் கம்பளி கொடுக்க வந்தவர்களை அவளே விரட்டினாள். “ஒங்க அப்பன் நெஞ்சு சீழ்க்க அடிக்குது, கம்பளி குடுக்க வந்துட்டா பெரிய மனுசி. உள்ள போ!”

“ரதி, ஒம் புருசன் இன்னும் எரியலயே, அதுக்குள்ள ஏன் மூட்ட கட்டிட்ட?” என்று பெண்கள் கத்தினார்கள்.

“எரிஞ்சா ஒன் வீட்டுக்குத்தான் வரப்போறேன், எடம் போட்டு வை” என்றான் அழகுமுத்து, தலையில் ஏழு கம்பளியோடு.

பொன்னையா முட்டுக் கம்பில் கன்று நசுங்காமல் இழுத்துக் கட்ட, மீனம்மா சாக்கைக் கோணி ஊசியால் கம்பளியோடு தைத்தாள். ஒவ்வொரு கம்பளிக்கும் ஒரு வாடை. இருட்டுவதற்குள் பதினொன்றரைப் பாத்தி மூடியாயிற்று. கடைசிக் கம்பளியை விரித்தவன் உடம்பெல்லாம் கரி பூசின எமன் வேஷக்காரன். ஓடையோரத்தில் அரைப் பாத்தி மட்டும் திறந்து கிடந்தது. அதற்குத் துணி இல்லை. பிறகு எல்லோரும் மன்மதனை எரிக்கப் போனார்கள்.

விடிந்தது. பெரிய துரை பங்களா ஜன்னலைத் திறந்து பள்ளத்தைப் பார்த்தார். ஓடைக்கரையில் வரிசை வரிசையாகக் கம்பளி போர்த்திப் படுத்துக் கிடக்கிறார்கள், முந்நூறு பேராவது இருக்கும். துரைக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் தோன்றியது. சத்தியாக்கிரகம். சங்கத்துக்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாக ஆட்களைப் படுக்க வைத்துவிட்டார்கள். அவர் சப்பாத்துப் போடவும் நேரமில்லாமல், படுக்கைச் சட்டையோடும் வெறும் செருப்போடும் கைத்தடியை எடுத்துக்கொண்டு, நாயையும் இழுத்துக்கொண்டு ஓடினார். வழியில் ஞானரட்ணம் ஐயாவை எழுப்பி, மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டார்.

பொன்னையாவும் சண்முகவடிவும் முதல் பாத்திக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்கள். வெயில் வந்து பனி கரையும் முன் கம்பளியை எடுக்கக் கூடாது என்று அவன் யாரையும் கிட்டே விடவில்லை.

“எழும்பு! எல்லாம் எழும்பு! லயத்துக்குப் போ!” என்று துரை முதல் கம்பளியைத் தடியால் குத்தினார். கம்பளி அசையவில்லை. பலகை மாதிரி விறைத்திருந்தது. அதன் மேல் வெள்ளையாக உறைந்து கிடந்தது சிலீரென்று நொறுங்கி அவர் காலில் கொட்டியது. நாய் வழுக்கி விழுந்தது. துரை குனிந்து கம்பளியின் ஓரத்தைத் தூக்கினார். உள்ளே பச்சைக் கன்று. இன்னொன்றைத் தூக்கினார். பச்சை. ஓடையோரம் போனார், அரைப் பாத்தி கோதுமை மாவு கொட்டினது போல வெளுத்திருந்தது.

பொன்னையா கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“இது என்னா?” என்றார் துரை, உறைந்ததைக் கையில் அள்ளி.

“பனி, சார்” என்றார் ஞானரட்ணம் ஐயா.

“எத்தன டிகிரி?”

ஐயா மேலே ஓடினார், குழாயைப் பார்த்தார், புத்தகத்தோடு இறங்கி வந்தார். ஏற இருநூறு படி, இறங்க இருநூறு படி. மூச்சு வாங்க, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்:

“நாற்பத்தாறு, சார்.”

துரையின் உள்ளங்கையில் பனி இன்னும் கரையாமல் இருந்தது.

அவர் யாரையும் ஏசவில்லை. படியேறி மருந்துக் காம்பராவுக்குப் பின்னால் போய்க் குழாயைப் பார்த்தார். அது தொங்கின சுவரில் கையை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். சுற்றிக்கொண்டு உள்ளே வந்து, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த அடுப்பையும் மூடின தணலையும் பார்த்தார். போன வருடத்துப் பக்கத்தைப் புரட்டி, அந்த நாற்பத்தாறின் மேல் பேனாவால் ஒரு கோடு கிழித்தார். ஞானரட்ணம் ஐயா அந்தக் கோட்டைத் தன் கழுத்தில் கிழித்தது போலப் பார்த்தார்.

பிறகு துரை, பின்னாலேயே ஏறி வந்திருந்த சண்முகவடிவைப் பார்த்து ஏதோ கேட்டார். “பனி வரும்னு ஒனக்கு எப்படித் தெரியும்னு கேக்கிறாரு” என்றார் ஐயா.

“கால்ல பாத்தேன்னு சொல்லுங்க. குதிகால் வெடிக்கும்.”

துரை யோசித்துவிட்டு, ஒற்றைச் செருப்பைக் கழற்றித் தன் குதிகாலைத் திருப்பிக் காட்டினார். குளிரில் சிவந்திருந்தது, மற்றபடி பிறந்த பிள்ளையின் கன்னம் மாதிரி ஒரு கீறல் இல்லை. சண்முகவடிவு குனிந்து, கடமைக்கு இரண்டு பக்கமும் பார்த்தாள்.

“இந்தக் காலு ஒன்னுத்துக்கும் ஆவாது” என்றாள்.

“துரையவர்களின் பாதம் நல்ல ஆரோக்கியமாக இருக்கிறதாம்” என்று ஐயா மொழிபெயர்த்தார்.

வெயில் ஏறியது. கம்பளிகள் உருகிச் சொட்டின. மூன்றாம் நாள் ஓடையோரத்து அரைப் பாத்தி தீய்ந்து கறுத்தது. துரையின் பூந்தோட்டமும் கறுத்தது. பதினொன்றரைப் பாத்தியும் பச்சையாக நின்றது. துரை பொன்னையாவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. துரைமாருக்கு அந்தச் சொல் கற்றுக்கொடுக்கப்படுவதில்லை. “தவறணை ஒன்னோடது. பத்து ஆள் எடுத்துக்க” என்றார். அன்று பொன்னையா லயத்துக்கு வந்து மூன்று தட்டுச் சோறு தின்றான். மீனம்மா பிள்ளைகளின் பங்கையும் எடுத்து அவனுக்குப் போட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு மறுபடி உலை வைத்தாள். குளிர்க்குழாய் பழையபடி பள்ளத்துக் கம்பத்துக்குப் போனது. ஞானரட்ணம் ஐயா தினமும் விடிகாலையில் நானூறு படி ஏறி இறங்கி, ஒரு மாதத்தில் இடுப்பில் இரண்டு அங்குலம் குறைந்தார்.

ஆனால் அதெல்லாம் பிறகு. பனி விழுந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கம்பளி யாருடையது என்று லயத்தில் சண்டை தொடங்கியிருந்தபோது, சண்முகவடிவு மருந்துக் காம்பராவிலேயே பெரிய அண்டாவைத் தேய்த்துக் கழுவி அடுப்பில் ஏற்றினாள். கொத்தமல்லி, இஞ்சி, மிளகு எல்லாவற்றையும் கை அள்ளுகிற அளவுக்குப் போட்டாள்.

“இவ்வளவு யாருக்கு?” என்றார் ஞானரட்ணம் ஐயா.

“எல்லாருக்கும். ராத்திரி முழுக்க முன்னால நெருப்பு, முதுகுல பனி. கம்பளிய வேற நான் புடுங்கிட்டேன். நாளைக்கு லயமே இருமும்.”

ஐயா இந்தத் தடவை ரேடியோவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அலமாரியைத் திறந்து இருமல் மருந்துப் போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார்.

திங்கட்கிழமை காலை வரிசை வாசலைத் தாண்டிப் படிவரைக்கும் போனது. ரதி இருமினாள், சிவபெருமான் இருமினார், எரிந்த மன்மதனும் வந்து மூக்கைச் சிந்தினான். எல்லோருக்கும் முன்னால் பொன்னையா நின்றான், துண்டை வாயில் பொத்திக்கொண்டு.

“அக்கா” என்று ஏதோ சொல்ல வந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. அவள் அதைக் காய்ச்சல் என்று வைத்துக்கொண்டாள்.

“பேச்ச அப்பறம் வச்சுக்க. வாயத் தெற” என்றாள்.